ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட குரல்

அச்சங்குளம்,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா ஊர்க்காவலன் எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே உன் கால்வீக்கம் வற்றி, வேளைக்குச் சாப்பிட்டு நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நேரமில்லை. இந்த வீட்டின் மூன்றாவது ஆளும் சுகமாக இருக்கிறது என்று எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதம். ராஜஸ்தானில் உங்கள் படைப் பயிற்சி முகாமில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனைக் கையில் கொடுக்கிறார்கள், அதிலும் பின்னால் நிற்கிற பிள்ளைகள் அவசரப்படுத்துகிறார்கள், அந்தக் கொஞ்ச நேரத்தில் இதைச் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. சொல்லத் துணிந்தாலும் உன் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன் என்று எண்ணாதே, எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் துண்டை விரித்து அதற்குள் உன் நாய்க்குட்டி பொட்டுவை வைத்துக்கொண்டு என் பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது பொட்டுவின் குரல் இல்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் சோறு போட்டு வளர்க்கும் தெருநாய்க்குட்டியின் குரல் அது. அதற்கு முந்தின வாரம் நீ அழுததை நாங்கள் இரண்டு பேரும் மறக்கவில்லை. இந்தி புரியாமல், ஓட்டத்தில் பின்தங்கி, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன், பையைக் கட்டிரலாம் போல இருக்குப்பா, பொட்டு சத்தத்தக் கேட்டாத்தான் இன்னொரு வாரத்தத் தள்ள முடியுது என்றாய். முந்தாநாள் ஞாயிறும் எடுத்த எடுப்பில் அதையே கேட்டாய். அப்போது உன் பொட்டு காலில் ஊசி ஏற்றிய பிளாஸ்திரியோடு கூடைக்குள் கண் செருகிக் கிடந்தது, முனகக்கூடத் தெம்பில்லை. நான் வாயைத் திறக்குமுன்னே உன் அம்மா கொல்லைப்பக்கம் ஓடி, ஏத்தா ஒங் குட்டிய ஒரு நிமிசம் குடு, எம் மக உசுரே இப்ப அதுலதான் இருக்கு என்று வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பேச்சியம்மாளும் பின்னாலேயே வந்து ரொட்டித்துண்டைத் தூக்கிக் காட்டினாள், அது குரைத்தது. அதுக்குள்ள கொரைக்கப் பழகிட்டானாப்பா, இனி எம்புட்டுத் தூரம் ஓடச் சொன்னாலும் ஓடுவேன் என்று நீ சிரித்தாய். பொட்டுவுக்கு இன்னும் குரைக்கவே தெரியாது தாயி.

எங்கள் வேலை உனக்குத் தெரியும். பட்டாசுக் கம்பெனியில் ஓர் அறையில் தப்பு நடந்தால் அந்த நிமிடமே வாயால் சொல்லிவிட வேண்டும், மூடி மறைத்தால் பக்கத்து அறைக்காரன் உயிர் போகும். இத்தனை வருடமாகப் போர்மேன் என்று இதைத்தான் ஆட்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அப்படிப்பட்டவன் பெற்ற மகளிடம் அடுத்த வீட்டு நாயைக் குரைக்க விட்டு ஏமாற்றியிருக்கிறேன். பொட்டு பிழைக்குமா என்று இந்த நேரம் வரை தெரியாது. தெரிந்தபிறகு எழுதலாமே என்று உன் அம்மா சொன்னாள். நல்ல சேதி வந்தபின் எழுதினால் அது பொய்க்குப் பூசின சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும், கெட்ட சேதி வந்தபின் எழுத எனக்குத் தைரியம் இருக்காது. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். விருதுநகர் சிநேகிதி வீட்டிலிருந்து துப்பட்டாவில் சுற்றி நீ பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கே உன் அம்மா கேட்டாள், இது நாயாடி, எலிக்குட்டியா என்று. கையகலப் பொமரேனியன், தாய்ப்பால் மறக்காத பச்சைக்குட்டி, இன்னும் கொஞ்ச நாள் தாயோடு விட்டிருக்க வேண்டும். உனக்கோ அந்த வாரமே ஆர்டர் வந்துவிட்டது, நெற்றியில் இருக்கிற கருப்புப் புள்ளிக்குப் பொட்டு என்று பேரை மட்டும் வைத்துவிட்டு ரயிலேறிவிட்டாய். நீ போனபிறகு என் வீட்டில் எனக்குக் கால் வைக்க இடமில்லை. கட்டிலடியில் ஈரம், அடுப்படியில் ஈரம், உன் அம்மா பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றி அடுக்கி வைத்திருந்த தட்டிலும் ஈரம். எந்தப் பொருள் எந்த அறையில் என்று கோடு கிழித்து வேலை வாங்குகிறவன் நான், ஒரு குட்டி நாய்க்கு ஒரு மூலையைப் பழக்க முடியாதா என்று திருத்தங்கல் போய், காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் வெட்டுத்தாள் ஒரு கட்டுக் கேட்டு வாங்கி வந்தேன். அதில் பாதி அச்சாகி வீணான தாளும் கலந்திருந்தது, ஒன்றில் முருகன் மயிலோடு நிற்கிறார், இன்னொன்றில் லட்சுமிக்கு முகம் மட்டும் விழுந்திருக்கிறது. உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சாமி மேலயா நாய மோள விடச் சொல்றீக என்று கட்டைப் பிரித்து, அச்சான தாளையெல்லாம் பொறுக்கிச் சாமி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, வெள்ளைத் தாளை மட்டும் என் கையில் கொடுத்தாள். அந்த வெள்ளைத் தாளைக் கொல்லைவாசல் மூலையில் விரித்து, தின்றதும் தூக்கிக்கொண்டு போய் விடுவோம், தூங்கி எழுந்ததும் தூக்கிக்கொண்டு போய் விடுவோம். கெட்டிக்காரக் குட்டி, சீக்கிரமே பிடித்துக்கொண்டது. ஆனால் வெள்ளைத் தாள்தான் வேண்டும். ஒரு நாள் வெள்ளைத் தாளை மிச்சம் பிடிக்கலாமென்று தினசரியை விரித்ததற்கு முகர்ந்து பார்த்துவிட்டு, ஆபீசர் மாதிரித் திரும்பி நடந்து என் செருப்பில் ஒன்றுக்குப் போய்விட்டது. இந்தக் கடிதமும் அந்தத் தாள்கட்டிலிருந்து உருவிய தாளில்தான் எழுதுகிறேன், வீட்டில் வேறு வெள்ளைத்தாள் இல்லை.

பகலில் இப்படிச் சரியாகிவிட்டது, விடிந்து பார்த்தால் மட்டும் தரை நனைந்திருந்தது. கம்பெனிக்கு லோடு ஏற்ற வருகிற சோலைச்சாமியிடம் இதைச் சொன்னேன். அவன் பரம்பரையாகச் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறவன், முயலுக்கு ஓடுகிற நாய், ஆள் இடுப்பு உயரம் நிற்கும். நாய்க்கு எதுக்குண்ணே நேரத்துக்கு ஒரு சோறு, பொழுது சாய வாயக் கட்டுங்க, விடியத் தரை தன்னால காயும் என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே தட்டையும் தண்ணீரையும் எடுத்து மேலே வைத்துவிட்டேன். பாவம்ங்க, பச்சப்புள்ளைக்குப் பசிக்கும் என்று உன் அம்மா சொல்லத்தான் செய்தாள், பழக்கமென்றால் பழக்கந்தான் என்று நான் அதட்டிவிட்டேன். அன்றைக்கென்று மழை பிடித்துக்கொண்டது. வேலையிலிருந்து வந்ததும் கொல்லையில் குளித்துவிட்டு வெடிமருந்து படிந்த வேலைச் சட்டையை வெளிக்கம்பியில் தனியாகப் போடுவேனே, அதை மழைக்குப் பயந்து உன் அம்மா எடுத்துக் கொல்லைவாசலுக்கு உள்பக்கம் ஆணியில் மாட்டியிருந்தாள். காலையில் எழுந்து பார்த்தால் பொட்டு அந்தச் சட்டையைக் கீழே இழுத்துப் போட்டு அதன் மேல் கிடக்கிறது. தரை காய்ந்துதான் இருந்தது. குட்டி எழுந்திருக்கவில்லை. தூக்கினால் தலை ஒரு பக்கமாகத் தொங்குகிறது, ஈறு வெளுத்துக் காகிதமாக இருக்கிறது, பின்னங்கால் இரண்டும் விறைத்து வெட்டி வெட்டி இழுக்கிறது. ஐயோ மருந்துச் சட்டைய நக்கிருச்சுங்க என்று உன் அம்மா போட்ட சத்தத்தில் பேச்சியம்மாள் வீட்டுக் கதவு திறந்துவிட்டது. எத்தனையோ முறை ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்தான் நான். அன்றைக்கு அந்தச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். உனக்குச் சோறு போட்ட சட்டை உன் குட்டியைக் கொன்றுவிட்டது என்றுதான் மனதில் ஓடியது.

உன் அம்மா நிற்கவில்லை. வேலை முடிந்து குளித்து வந்ததும் மருந்துத் தூசி தொண்டையை விட்டு இறங்கட்டும் என்று எனக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பாளே, நீயே எத்தனை நாள் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாய், அந்த வெல்லத்தை நுணுக்கி நாலு சொட்டு வெந்நீர் விட்டுக் குழைத்து அதன் வாய்க்குள் விரலை விட்டு ஈறில் தேய்த்தாள். மனிதனுக்கு இறங்குகிற மருந்து நாய்க்கும் இறங்காதா என்று அழுதுகொண்டே தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க இழுப்பு நின்றது, நாக்கு லேசாக அசைந்தது. அதன் பிறகுதான் எனக்குக் கை கால் வந்தது. துண்டில் சுற்றி அவள் நெஞ்சோடு அணைத்துப் பின்னால் உட்கார, பைக்கை விட்டேன். சாத்தூருக்குள் நுழையுமுன் நாலுவழிச் சாலையைக் கடக்கவேண்டிய இடத்தில் லாரி மேல் லாரியாக வந்துகொண்டே இருக்கிறது, சீசன் லோடு. மூச்சு இருக்காடி என்று நான் கேட்க, இருக்கு, ஓட்டுங்க என்று அவள் சொல்ல, மறுபடி நான் கேட்க, பேசாம ஓட்டுங்க என்று முதுகில் ஒரு அடி வைத்தாள்.

கால்நடை டாக்டர் முருகேஸ்வரி என்று ஒரு பெண், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். குட்டியைப் புரட்டிப் பார்த்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, ராத்திரி என்ன குடுத்தீக என்று கேட்டாள். நான் சட்டையைப் பற்றி ஆரம்பித்தேன். சட்டை கிடக்கட்டும்ய்யா, சாப்பாடு என்ன குடுத்தீக என்று மறுபடி கேட்டாள். சாயங்காலத்துல இருந்து பட்டினிம்மா, இவுகதான் பழக்கப்படுத்துறேன்னு தட்டை எடுத்து வச்சாக என்று உன் அம்மா என்னைக் காட்டிக் கொடுத்தாள். இது மருந்து விசமில்லைய்யா, பசி என்றாள் டாக்டர். இம்புட்டூண்டு உடம்புல சேத்து வைக்கச் சீனி ஏது, மழைக் குளிர்ல வெறும் வயித்தோட கிடந்திருக்கு, ரத்தத்துல சீனி அடியோட இறங்கிருச்சு, அந்த வெல்லம் மட்டும் வாயில படலைன்னா இங்க கொண்டுவர வேலையே இருந்திருக்காது என்றாள். மயங்கிக் கிடக்கையில் தொண்டையில் எதையும் ஊற்றிவிடக்கூடாதாம், ஈறில் தேய்த்ததோடு நிறுத்தியதும் நல்லதாகப் போயிற்று. சிப்பிப்பாறை நாயைப் பற்றி நான் முணுமுணுத்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவும் இதுவும் ஒண்ணா, தரைய நனைக்கிறது இது குத்தமில்ல, அடக்கி வைக்கிற பலமே இதுக்கு இன்னும் வரலை, எடம் மாறிப் போனா பேசாமத் துடைச்சு விடுங்க, தாள்ல போனா தட்டிக் குடுங்க, அம்புட்டுத்தான் பழக்கம் என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊட்ட வேண்டும், படுக்குமுன் ஒரு வாய், விடியுமுன் ஒரு வாய், பசும்பால் ஆகாது, குட்டித்தீனியை வெந்நீரில் ஊறவைத்து மசித்துத்தான் கொடுக்க வேண்டும், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும், இப்போதைக்குக் குளிப்பாட்டவே கூடாது. எல்லாம் கேட்டுக்கொண்டேன், கம்பெனிக்குச் சோதனைக்கு வருகிற ஆபீசர் முன்னால்கூட நான் அப்படிக் கைகட்டி நின்றதில்லை.

அந்தச் சனிக்கிழமையே குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிறகு ஞாயிறு ஒரு தரம், நேற்று ஒரு தரம். உயிர் இருக்கிறது, ஆள் இல்லை. ஊட்டினால் பாதி வழிகிறது, படுத்த படுக்கையிலேயே துணியோடு நனைத்துக்கொள்கிறது, அது நனைவதுகூட அதற்குத் தெரியவில்லை. நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சீனி இல்லாமக் கிடந்ததுல மூளை அடி வாங்கியிருக்கும் போலய்யா, கண்ணு தெரியுதான்னே சந்தேகமா இருக்கு, நாளைக்குள்ள தானா எந்திரிச்சு நடந்து, கத்துக்கிட்டது எதையாச்சும் ஞாபகமாச் செஞ்சா நம்பலாம், இல்லைன்னா நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். அவள் சொன்ன நாளை இன்றைக்குத்தான். காலையில் வேலைக்குப் போனேன், வானம் கருத்து இடி இடிக்கவே வழக்கப்படி எல்லா அறையையும் அடைத்து ஆட்களை அனுப்பிவிட்டோம். மழை இறங்குமுன் ஓடி வந்து பார்த்தால் போட்டது போட்டபடி கிடக்கிறது. தூரத்தில் வெடி சோதிக்கிற சத்தம் கேட்டாலே காதை நிமிர்த்துமே, இப்போது வீட்டுக் கூரை மேல் இடி விழுந்த மாதிரி இருந்தது, காது அசையவில்லை. தரையில் ஒரு சொட்டு ஈரத்துக்காக எவ்வளவு கத்தியிருக்கிறேன். இப்போது வீடு பூராவும் நனைத்து வைக்கட்டும், எழுந்து போய் நனைக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் படித்ததும் நீ பையைக் கட்டிவிடுவாயோ என்றுதான் உன் அம்மாவுக்குப் பயம், எனக்கும் அதே பயந்தான், மறைக்கவில்லை. எங்கள் அய்யா அடுத்தவர் காட்டில் களை எடுத்தார், நான் மருந்து அறையில் நின்றேன், உன் அம்மா விரல் காய்க்கக் குழாய் சுற்றினாள். இந்த வீட்டிலிருந்து தூசி படாத சட்டை போட்டுக்கொண்டு வெளியே போனவள் நீ ஒருத்திதான். நாய்க்காக அழு, வேண்டுமட்டும் அழு, அழுதுவிட்டு மறுநாள் ஓட்டத்துக்குப் போய் நில். பின்தங்கினால் பின்தங்கு. இந்தி வராவிட்டால் பக்கத்துப் பிள்ளையிடம் கேள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் பழக்கிவிட நினைத்து நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் பார், அதையே உனக்கு நீ செய்துகொள்ளாதே. உனக்கும் பலம் வர நாள் ஆகும். எப்படியும் வந்தே தீர வேண்டும் என்று தோன்றினால்

மேலே வரி பாதியில் நிற்கிறதே என்று பயப்படாதே. பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன், இப்போதுதான் மறுபடி எடுக்கிறேன். உன் அம்மா வெந்நீர் பாட்டிலை மாற்ற அடுப்படிக்குப் போனபோது பொட்டுவைச் சாக்கில் படுக்கவைத்துவிட்டுப் போனாள். நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன், எழுதி முடித்த தாள்களை மை காயட்டும் என்று பக்கத்தில் தரையில் வரிசையாகப் பரப்பியிருந்தேன். நகம் தரையில் கீறுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் அது எழுந்து நிற்கிறது. கால் நான்கும் நான்கு பக்கம் போகிறது, ஒரு தரம் முகம் குப்புற விழுந்தது, நான் தூக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டேன். மறுபடி எழுந்தது. பக்கத்தில் உன் அம்மாவின் பழைய சேலை விரித்துக் கிடந்தது, அதன் மேல் போகவில்லை. சுற்றிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நேராக என் தாள்களிடம் வந்தது, முகர்ந்து பார்த்தது, முதல் தாளின் மேல் ஏறி நடுவில் நின்றது, நின்று ஒன்றுக்குப் போனது. முழுசாக, நிதானமாக. போய் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது, தட்டிக்கொடுப்பேனா என்று. கண் தெரிகிறது தாயி. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உன் அம்மா பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து இருக்கன்குடி அம்மன் கோயில் இருக்கிற திசையில் கும்பிட்டாள், அப்புறம் விரலில் மசித்த தீனியைத் தொட்டுக் காட்டினாள், அது தானாக நக்கியது. நான் தட்டிக்கொடுக்கவும் மறந்து அழுதுகொண்டிருந்தேன், அதை எழுதாவிட்டால் அவள் எழுதச் சொல்லித் தொந்தரவு செய்வாள். டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். இனி நம்பலாம்ய்யா, ஆனா வேளை தவறாம ஊட்டணும், சாயங்காலம் தட்டை மட்டும் தூக்கிராதீக என்றாள்.

இந்தக் கடிதத்தை வேறு தாளில் திருப்பி எழுதலாம் என்றாள் உன் அம்மா. வேண்டாம் என்றுவிட்டேன். முதல் தாளை அடுப்படிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறேன், காய்ந்ததும் தனியாக உறையில் போட்டு இதோடு வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கையில் கிடைக்கும்படி கொரியரில் அனுப்புகிறேன். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும். போனில் நான் கொடுத்த குரல் பொய், அந்தக் கறையை மட்டும் நீ நம்பலாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது குரைக்கச் சொல்லிக் கேட்காதே, அதற்குத் தெரிந்தது முனகல்தான், முனகினால் கேட்க வைக்கிறேன், முனகாவிட்டால் முனகவில்லை என்றே சொல்கிறேன். நீயும் அங்கே கஷ்டமென்றால் கஷ்டம் என்றே சொல்.

காலை உப்புப்போட்ட வெந்நீரில் ஊறவைக்க மறக்காதே, வெறும் வயிற்றோடு ஓட்டத்துக்குப் போகாதே, இந்த வீட்டில் அதன் பலனைப் பார்த்துவிட்டோம். இருக்கன்குடியாள் உன் கூடவே நிற்பாள், நீ நினைத்தபடி அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு நம் தெருவில் நடந்து வர எங்கள் இரண்டு பேரின் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஊர்க்காவலன்.

முதல் தாளின் மேல்பாதியில் மை கலைந்து ஒரு வரி உனக்குப் படிக்க வராது. வீட்டின் மூன்றாவது ஆள் சுகமாக இருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை என்று அங்கே எழுதியிருந்தேன். பொட்டு அதை அழித்துவிட்டது, நான் திரும்ப எழுதவில்லை.